ஓடுபவரும் படிக்கும்படி: இணையதள எழுத்துநெறி குறித்து ஒரு திறனாய்வு

எழுதும் முறையைக் கற்பிக்கும் நூல்கள் எல்லாக் காலத்திலும் தோன்றியுள்ளன. அவை ஒவ்வொன்றும், வாசகர் யார் என்பதைப் பற்றிய ஒரு கொள்கையைத் தன்னுள் கொண்டே பேசுகிறது. ஓலையில் எழுதியவர், ஆசிரியர் ஒருவர் உடனிருந்து தம் நூலை விரித்துரைப்பார் என்று நம்பினார். ஆகவே சுருங்கச் சொன்னார். அச்சுக்கு எழுதியவர், தம் வாசகர் தனித்தமர்ந்து முதற்பக்கம் தொடங்கி இறுதிப்பக்கம் வரை தொடர்வார் என்று நம்பினார். ஆகவே விரித்துச் சொன்னார். இணையதளத்திற்கு எழுதக் கற்பிப்போரோ, வாசகர் பெரும்பாலும் படிப்பதே இல்லை என்னும் கொள்கையிலிருந்து தொடங்குகின்றனர்.

இக்கொள்கையை எள்ளி நகையாடுவது எளிது; அப்படியே ஏற்றுக்கொள்வதும் எளிது. இவ்விரண்டையும் தவிர்த்து அதனை ஆய்ந்து நோக்குவதற்கு இன்று தேவை எழுந்துள்ளது. திருச்சபைகளும் பேராயங்களும் இறையியற் கல்லூரிகளும் இணையதளங்களை நடத்துகின்றன. அவற்றிற்கு எழுதும் பொறுப்பு பெரும்பாலும் ஆயர்கள்மீதும் மாணவர்கள்மீதுமே விழுகிறது. மறையுரைக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் பயிற்சி பெற்ற இவர்கள், இவ்வெழுத்திற்கெனத் தனிப் பயிற்சி பெறுவது அரிது. எனவே இணையதள எழுத்துநெறியில் ஏற்கத்தக்கது எது, எல்லை வகுத்துக்கொள்ளத்தக்கது எது, தமிழில் எழுதுவோர் திருத்திக்கொள்ள வேண்டியது எது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம் ஆகும்.

1. நெறியின் தோற்றம்

ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் 1989-ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த திட்டத்திலிருந்தே இன்றைய வலை பிறந்தது. அறிவியலாளர் தம் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பகிர்ந்துகொள்வதே அதன் முதல் நோக்கம். சில ஆண்டுகளுக்குள் வணிக நிறுவனங்கள் அதனுள் நுழைந்தன. அவை தம் அச்சு விளம்பர ஏடுகளின் வாசகத்தையே திரையில் ஏற்றின. வாசகரோ அவற்றைப் படியாமல் விட்டு நீங்கினர்.

இந்நிலையில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் 1997-ஆம் ஆண்டில் தம் சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் சோதித்தவர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கம் எதனையும் மேலோட்டமாகக் கண்ணோட்டமிட்டனரேயன்றி, வரிவரியாகப் படிக்கவில்லை. சொல்லுக்குச் சொல் படித்தவர்கள் 16 விழுக்காட்டினர் மட்டுமே.

அடுத்து அவர்கள் செய்த சோதனையே இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சுற்றுலா இடங்களைப் பற்றிய ஒரே செய்தியை ஐந்து வடிவங்களில் எழுதினர். பழைய மோட்டார் வண்டிகளை நட்டு இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைப்போல் அமைத்த கார்ஹெஞ்சும் அவ்விடங்களுள் ஒன்று. முதல் வடிவம் வழக்கமான விளம்பர நடையில் அமைந்தது. ஒப்பீட்டிற்கு அதுவே அளவுகோல். இரண்டாவதில் சொற்களின் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. மூன்றாவதில் செய்தி பட்டியலாகப் பிரித்து அமைக்கப்பட்டது. நான்காவதில் புகழ்ச்சிச் சொற்கள் நீக்கப்பட்டுச் செய்தி உள்ளபடி கூறப்பட்டது. ஐந்தாவது இம்மூன்று மாற்றங்களையும் ஒருங்கே கொண்டது. வாசகர் எடுத்துக்கொண்ட நேரம், செய்த பிழைகள், நினைவில் நிறுத்தியது, மனநிறைவு முதலியவற்றைச் சேர்த்து அளந்தபோது, சுருக்கிய வடிவம் 58 விழுக்காடும், பட்டியலிட்ட வடிவம் 47 விழுக்காடும், புகழ்ச்சி நீக்கிய வடிவம் 27 விழுக்காடும் மேம்பட்டிருந்தன. மூன்றும் இணைந்த வடிவம் 124 விழுக்காடு மேம்பட்டிருந்தது.

இணையதள எழுத்தைப் பற்றிப் பின்னர் வந்த கையேடுகள் பலவும் இவ்வெண்களின்மேல் கட்டப்பட்டவையே. சுருக்கு, பிரி, துணைத்தலைப்பு இடு, முடிவை முதலில் சொல் என்னும் கட்டளைகள் இங்கிருந்தே பரவின.

2. சோதனை நிறுவியதும் நிறுவாததும்

இச்சோதனை நிறுவியதைக் குறைத்து மதிப்பிடலாகாது. மூன்று மாற்றங்களும் தனித்தனியே தந்த பயன்களைக் கூட்டினால், அவை மூன்றும் இணைந்தபோது கிடைத்த பயனுக்கு ஏறத்தாழ ஈடாகின்றன. அதாவது, ஒன்றின் பணியை மற்றொன்று செய்துவிடவில்லை. சுருக்கமாக எழுதியவர் பட்டியலிட்டால் மேலும் பயன் உண்டு. பட்டியலிட்டவர் புகழ்ச்சியை நீக்கினால் அதற்கும் மேல் பயன் உண்டு. பின்வந்தோர் இதனைக் கவனித்திருக்க வேண்டும். அவர்கள் கண்ணுக்குத் தெரியும் மாற்றமாகிய பட்டியலையே முதன்மையாகப் பற்றிக்கொண்டனர். நேர்மையைச் சார்ந்த மூன்றாம் மாற்றத்தைப் பெரும்பாலும் மறந்தனர்.

நிறுவாதது எது? சோதனைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பணிகளை நோக்குக. குறிப்பிட்ட ஒரு செய்தியைத் தேடுதல், தேடியவற்றைக் கொண்டு ஒரு முடிவு கூறுதல், படித்ததை நினைவுகூர்தல் ஆகியவையே அவை. ஊர் எது, ஆண்டு எது, எத்தனைபேர் வந்தனர் என்று அறிய விரும்புபவருக்கு எவ்வகை எழுத்து உதவும் என்பதை இச்சோதனை நன்கு காட்டுகிறது. ஒரு வாதத்தைப் பின்தொடர்பவருக்கோ, துயரத்தில் ஆறுதல் நாடுபவருக்கோ, தம் கருத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று தயங்குபவருக்கோ எவ்வகை எழுத்து உதவும் என்பதை அது அளக்கவே இல்லை. சுற்றுலாப் பயணியிடம் கண்டதை எல்லா வாசகர்க்கும் பொதுவிதியாக்கியது பின்வந்தோர் செய்த பிழை.

இத்தகைய பிழை மீண்டும் ஒருமுறை நிகழ்ந்தது. 2006-ஆம் ஆண்டில், கண்ணின் அசைவைப் பதிவுசெய்யும் கருவியைக் கொண்டு 232 பேரை நீல்சன் குழுவினர் ஆராய்ந்தனர். பக்கத்தின் மேற்பகுதியில் இருமுறை கிடையாகவும், பின்னர் இடப்புறமாகக் கீழ்நோக்கியும் கண் செல்வதைக் கண்டனர். உடனே, இடப்புறத்தில் முதன்மைச் சொற்களை வைத்துவிட்டால் போதும் என்று பலர் கற்பிக்கத் தொடங்கினர். 2017-ஆம் ஆண்டில் அக்குழுவினரே இதனைத் திருத்த வேண்டியதாயிற்று. துணைத்தலைப்பும் ஒழுங்கும் இன்றிச் சுவர்போல் நிற்கும் எழுத்தைக் கண்ட வாசகர், வேறு வழியின்றி நோக்கும் முறையே அது. அது வாசகர்க்கு நன்மையானதன்று என்று அவர்கள் விளக்கினர். நோயின் அறிகுறியை நலத்தின் இலக்கணமாகக் கொண்டதற்கு இஃது ஒரு சான்று.

ஆகவே நெறியை ஏற்குமுன் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: இப்பக்கத்திற்கு வாசகர் எதற்காக வருகிறார்? ஐக்கிய இராச்சிய அரசு 2012-ஆம் ஆண்டு தன் பழைய பொதுத் தளங்களுக்கு மாற்றாக ஒரே தளத்தைத் தொடங்கியபோது, இவ்வினாவையே எழுத்தின் முதல் விதியாக்கியது. துறை எதைச் சொல்ல விரும்புகிறது என்பதன்று, குடிமகன் எதைச் செய்ய வந்தான் என்பதே பக்கத்தை வகுத்தது. இணையதள எழுத்தில் கற்கத்தக்க முதற்பாடம் இதுவே. சொற்களின் தொகையும் வரியின் நீளமும் இதற்குப் பிற்பட்டவை.

3. புகழ்ச்சிமொழியின் சுமை

சோதனையின் மூன்று மாற்றங்களுள் மிகக் குறைந்த எண் பெற்றது புகழ்ச்சியை நீக்குதலே. எனினும் நமக்கு மிகுதியும் வேண்டப்படுவது அதுவே எனலாம். அம்மாற்றத்தினால் வேகம் கூடியது ஏன் என்பதற்கு நீல்சன் தரும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. மிகைச்சொல்லைக் காணும் வாசகர் மனத்தில் ஐயம் எழுகிறது. மெய்யைப் பிரித்தெடுக்கும் வேலை எழுதியவரிடமிருந்து படிப்பவரிடம் மாற்றப்படுகிறது. புகழ்ச்சி என்பது வாசகர் தலைமேல் ஏற்றப்படும் சுமை.

எடுத்துக்காட்டிற்காக அமைத்த பின்வரும் வாசகத்தைக் காண்க:

"இயற்கை எழில் கொஞ்சும் சூழலில், பல்லாண்டுப் பாரம்பரியச் சிறப்புடன், பேராசிரியப் பெருமக்களின் ஒப்பற்ற வழிகாட்டுதலில் செம்மையுற நடைபெற்றுவரும் எமது கல்லூரி நூலகம், அறிவுத் தாகம் கொண்டோர்க்கு வற்றாத ஊற்றாகத் திகழ்கிறது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இதனை இவ்வாறு எழுதலாம்:

"நூலகம் திங்கள் முதல் சனி வரை, காலை 9 மணிமுதல் மாலை 5 மணிவரை திறந்திருக்கும். வெளியிலிருந்து வருவோர் அடையாள அட்டையைக் காட்டி உள்ளேயிருந்து படிக்கலாம். நூல்களை எடுத்துச்செல்லும் உரிமை மாணவர்களுக்கு மட்டுமே உண்டு."

முதல் வாசகத்தில் இலக்கணப் பிழை இல்லை. தீய நோக்கமும் இல்லை. ஆனால் அதனைப் படித்த ஒருவர் நூலகத்திற்குச் செல்ல இயலாது. தொலைவிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து, கைப்பேசியின் சிறு திரையில், இறையியல் பட்டப்படிப்பிற்கு விண்ணப்பிக்க முயலும் இளைஞரை எண்ணிப்பார்க்க வேண்டும். கடைசி நாள் எது, கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை உண்டா, பயிற்றுமொழி எது என்பவையே அவர் வினாக்கள். வாழ்த்துரைகளையும் நிறுவனப் பெருமையையும் கடந்து அவர் விடையைத் தேட நேர்ந்தால், தேடும் திறனும் கணிப்பொறிப் பழக்கமும் உடையவர் மட்டுமே உள்ளே வருவர். மற்றவர்கள் தாம் அழைக்கப்படவில்லை என்று எண்ணித் திரும்பிவிடுவர். நடை பற்றிய வினா இங்கே நீதி பற்றிய வினாவாகிறது.

முற்கூறிய பிரித்தானிய அரசுத் தளத்தின் நடைக்கையேடு, தவிர்க்க வேண்டிய சொற்களுக்கு ஒரு பட்டியலே தருகிறது. அஞ்சலும் உணவும் கொண்டுசேர்க்கப்படுகின்றன. 'மேம்பாடு' போன்ற அருவங்களைக் கொண்டுசேர்ப்பதாக எழுதலாகாது என்னும் கருத்தில் அப்பட்டியல் அமைந்துள்ளது. நம் எழுத்திற்கும் இத்தகைய பட்டியல் ஒன்று வேண்டும். 'சீரும் சிறப்புமாக நடைபெற்றது', 'அனைவரும் பெரும் ஆசி பெற்றனர்', 'மாபெரும் எழுச்சி உண்டாயிற்று' என்னும் தொடர்கள் நம் அறிக்கைகளில் எத்தனை முறை வருகின்றன! கூட்டத்திற்கு வந்தவர் எத்தனைபேர், முடிவு செய்யப்பட்டது யாது, அதனை நிறைவேற்றுபவர் யார் என்பன அத்தொடர்களுக்கு அடியில் மறைந்துபோகின்றன. சான்று பகர்தல் நம் அழைப்பாயின், அளவுக்கு மீறிச் சொல்வது அச்சான்றை வலுப்படுத்துவதன்று. ஐயத்திற்கு உள்ளாக்குவதே ஆகும்.

4. வசன எண்கள் புகட்டும் பாடம்

பிரித்துப் பட்டியலிடும் முறையைப் பற்றித் தீர்ப்புக் கூற இறையியல் பயில்வோர்க்குத் தனித் தகுதி உண்டு. ஏனெனில், அம்முறையின் நன்மையையும் தீமையையும் பல நூற்றாண்டுகளாகத் தம் கையிலுள்ள நூலிலேயே அவர்கள் கண்டுள்ளனர்.

திருமறையின் இன்றைய அதிகாரப் பிரிவு பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஸ்டீபன் லாங்டனுடன் இணைத்துக் கூறப்படுவது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள், அச்சக உரிமையாளரும் அறிஞருமான ராபர்ட் எஸ்தியேன் 1551-ஆம் ஆண்டு ஜெனீவாவில் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் அமைந்தவை. ஒரு சொல்லைத் தேடிச் செல்வோர்க்கும், இருவேறு இடங்களை ஒப்புநோக்குவோர்க்கும், மறையுரை கேட்டுக்கொண்டே நூலைத் திறப்போர்க்கும் அவை ஆற்றிய தொண்டு அளவிடற்கரியது. இன்றைய இணையதளத்தின் துணைத்தலைப்பும் இணைப்பும் செய்யும் பணியை அன்று வசன எண் செய்தது.

ஆயினும் ஒவ்வொரு வசனத்தையும் தனிப்பத்தியாக அச்சிடும் வழக்கம் பரவியபோது ஓர் இழப்பும் நேர்ந்தது. மெய்யியலாளர் ஜான் லாக், தாம் மறைந்தபின் வெளியான பவுலின் நிருப விளக்கவுரைக்கு எழுதிய முன்னுரையில், இவ்வாறு நறுக்கப்பட்ட நிருபங்களை மக்கள் தனித்தனி முதுமொழிகளாகக் கொள்கின்றனர் என்றும், வாதத்தின் ஓட்டம் அவர்களுக்குத் தென்படுவதில்லை என்றும் வருந்தினார். ரோமர் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் 'ஆகவே' என்று பொருள்படும் ஒரு சிறு சொல்லுடன் தொடங்குகிறது. முந்திய பதினொரு அதிகாரங்களின் பாரத்தையும் அச்சொல் தாங்கி நிற்கிறது. அவ்வசனத்தைச் சுவரட்டையில் தனியே எழுதி மாட்டுபவர்க்கு அச்சொல் வேண்டாத ஒன்றாகிறது.

இணையப் பக்கத்தின் பட்டியலும் இதனையே செய்கிறது. கற்பனையான ஒரு சபையின் அறிவிப்பைக் கொள்வோம்:

நிலத்தடி நீர் குறைந்துள்ளது.
ஆலய வளாகக் கிணறு ஊராருக்குத் திறந்துவிடப்படும்.
கட்டட நிதி திரட்டல் ஓராண்டு ஒத்திவைக்கப்படும்.

மூன்று வரிகளும் தெளிவானவை, கண்ணோட்டமிடுவதற்கு ஏற்றவை. ஆனால் மூன்றிற்கும் உள்ள தொடர்பு எங்கே? இதனையே உரைநடையில் எழுதிக் காண்போம்:

"ஊர்க் கிணறுகள் வற்றிவிட்டமையால் நம் வளாகக் கிணற்றை ஊரார் அனைவருக்கும் திறந்துவிடுகிறோம். அத்தனை பேருக்கும் நீர் போதும்படி அதனை ஆழப்படுத்த வேண்டியிருப்பதாலேயே, ஆலயக் கட்டட நிதி திரட்டலை ஓராண்டு ஒத்திவைக்கிறோம்."

பட்டியல் என்ன நடக்கும் என்று கூறிற்று. உரைநடை ஏன் நடக்கிறது என்றும் கூறுகிறது. சபையின் மனச்சான்று 'ஆல்', 'ஆலேயே' என்னும் உருபுகளில் அன்றோ இருக்கிறது! பட்டியல் அவற்றையே முதலில் உதிர்த்துவிடுகிறது. ஆகவே விதியை இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம்: ஒன்றையொன்று சாராத பொருள்களைப் பட்டியலிடுக, ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் கருத்துகளைப் பட்டியலிடாதொழிக. வழிபாட்டு நேரம், விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டிய சான்றிதழ்கள், தொடர்பு எண்கள் ஆகியன முதல் வகை. ஒரு முடிவின் காரணம், ஒரு கோட்பாட்டின் விளக்கம், ஒரு மன்னிப்புக் கோரல் ஆகியன இரண்டாம் வகை. மன்னிப்பைப் பட்டியலாகக் கேட்பவரை யார் நம்புவர்?

5. தமிழ் வாக்கியத்தின் இறுதி

இந்நெறியின் விதிகள் ஆங்கில வாக்கியத்தை அடிப்படையாகக் கொண்டு எழுந்தவை. அவற்றைத் தமிழில் அப்படியே பெயர்த்து வைப்பது பொருந்தாது. முதற்சொற்களிலேயே செய்தியை வைத்துவிடுக என்பது ஆங்கிலக் கையேடுகளின் விதி. ஆங்கிலத்தில் வினையும் எதிர்மறையும் வாக்கியத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடுகின்றன. தமிழிலோ வினைமுற்று இறுதியில் நிற்பது; எதிர்மறையும் அதனோடு இறுதியிலேயே நிற்பது. செய்யலாமா கூடாதா என்பதைத் தமிழ் வாக்கியம் கடைசிச் சொல்லில்தான் வெளியிடுகிறது.

"வெளியூரில் திருமுழுக்குப் பெற்றவர்கள், தங்கள் பழைய சபையின் கடிதம் இல்லாமல், இவ்வாலயத்தில் திருமணத்திற்கு விண்ணப்பிக்க இயலாது" என்னும் வாக்கியத்தைக் கைப்பேசித் திரையில் காண்பவரை எண்ணுக. வாக்கியம் நான்கைந்து வரிகளாக மடிகிறது. இடப்புறத்தை மட்டும் நோக்கிச் செல்லும் கண் 'வெளியூரில்', 'திருமணத்திற்கு', 'விண்ணப்பிக்க' என்னும் சொற்களைப் பற்றிக்கொண்டு, தடையைக் காணாமலே நீங்கிவிடக்கூடும். போதாததற்கு 'இல்லாமல்', 'இயலாது' என இரண்டு எதிர்மறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. இதனை, "பழைய சபையின் கடிதம் தேவை. வெளியூரில் திருமுழுக்குப் பெற்றவர்கள் அதனை விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும்" என்று உடன்பாடாகவும் சிறு வாக்கியங்களாகவும் மாற்றினால், முடிவு வாசகர் கண்ணுக்கு விரைவில் எட்டுகிறது. தமிழில் சுருக்கம் வேண்டுவது சொற்களை எண்ணிக் குறைப்பதற்காக அன்று. வினைமுற்றை வாசகர்க்கு அருகில் கொண்டுவருவதற்காகவே. 'என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்', 'என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்னும் வால்கள் வினைமுற்றை மேலும் தள்ளி வைக்கின்றன. அவற்றை வெட்டினால் பொருளுக்குக் குறை நேராது.

தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய குறை மற்றொன்றும் உண்டு. அறிவிப்பை அழகிய சுவரொட்டியாக வரைந்து, அதனைப் படமாகவே தளத்தில் ஏற்றிவிடுவது பலரிடம் காணப்படும் வழக்கம். யூனிகோடு தரத்தில் தமிழ் 1991-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் பழைய எழுத்துரு முறைகளில் அமைந்த வாசகம் இன்றும் ஆங்காங்கே ஏற்றப்படுகிறது. படத்திலுள்ள எழுத்தும், பழைய எழுத்துருவில் அமைந்த எழுத்தும் தேடுபொறிக்கு எளிதில் எட்டுவதில்லை. அதனினும் பெரிதாக, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அவற்றை ஒழுங்காகப் படித்துக்காட்ட இயலாது. அம்மென்பொருளின் துணையால் வாசிப்பவர், பக்கத்தில் தலைப்பிலிருந்து தலைப்பிற்குத் தாவிச் செல்கிறார். இணைப்புகளை மட்டும் தனியே கேட்டுத் தெரிந்துகொள்கிறார். 'இங்கே சொடுக்குக' என்னும் இணைப்பு பத்து இடங்களில் இருப்பின், அவர் காதில் விழுவது பத்து முறை 'இங்கே சொடுக்குக' என்பதே. 'திருமண விண்ணப்பப் படிவம்' என்று இணைப்பிற்குப் பெயரிட்டால் அவர் வழியறிவார். துணைத்தலைப்பு அவசரக்காரர்க்கு அளிக்கும் சலுகை என்று எண்ணி வெறுப்போர், அது பார்வையற்ற ஒருவர்க்குப் படிக்கட்டாக அமைவதை உணர வேண்டும்.

6. கற்கும் முறை

இவ்வெழுத்தைக் கற்பதற்கு விலையுயர்ந்த பயிற்சி வேண்டுவதில்லை. இறையியற் கல்லூரியின் வகுப்பறையிலேயே நான்கு படிகளில் இதனைப் பயிலலாம்.

முதலாவதாக, ஏதேனும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதனை நாடி வருபவர் கேட்கும் வினாவை ஒரே வாக்கியமாக எழுதுக. வினா கிடைக்கவில்லையெனில் அப்பக்கம் வேண்டுமா என்பதே வினா. இரண்டாவதாக, அவ்வினாவின் விடையை முதற்பத்தியில் வைத்துவிட்டு, எஞ்சியதைப் பாதியாகக் குறைத்துப் பார்க்க. காரணங்களைக் காட்டும் இடைச்சொற்களையும் உருபுகளையும் மட்டும் குறைக்கலாகாது. மூன்றாவதாக, எழுதியதை உரக்கப் படிக்க. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தைப் பிரிக்க வேண்டும். மறையுரைப் பயிற்சி பெற்றோர்க்கு இது கைவந்த கலையே.

நான்காவது படியே கடினமானது. எழுதியதை ஒருவர் கையில் கொடுத்து, "இதில் விண்ணப்பத்தின் கடைசி நாளைக் கண்டுபிடியுங்கள்" என்று கேட்டுவிட்டு, வாய் திறவாமல் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். ஐந்துபேரை இவ்வாறு நோக்கினால் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். எண்ணிக்கையைவிட இங்கு வேண்டுவது வாய்திறவாமையே. வாசகர் தடுமாறும்போது விளக்கம் சொல்ல நம் நாக்கு துடிக்கும். ஆனால் எழுத்து தனித்துச் செல்ல வேண்டியது. எழுதியவர் அதனுடன் செல்ல இயலாது. பீடத்திலிருந்து பேசிப் பழகியவர்கள், கேட்பவர் பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொள்ளும் பணிவை இப்பயிற்சியால் பெறலாம்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். எல்லாவற்றையும் எளிதாக்கினால் ஆழ்ந்து படிக்கும் பழக்கம் அழியாதோ என்று சிலர் கேட்பர். இவ்வச்சம் பொருளற்றதன்று. ஆனால் படிவம் நிரப்ப வந்தவரைச் சுற்றி வளைத்துப் படிக்கச் செய்வதால் ஆழ்ந்த படிப்பு வளர்வதில்லை, சலிப்பே வளர்கிறது. தேடி வந்தவர்க்கு விரைவில் விடையளிக்கும் பக்கமும், அமர்ந்து படிப்பவர்க்கு நீண்ட வாதத்தை முழுமையாக அளிக்கும் பக்கமும் ஒரே தளத்தில் அருகருகே இருக்கலாம். முன்னதிலிருந்து பின்னதற்கு ஓர் இணைப்பு போதும். நீண்ட கட்டுரையை நறுக்கிச் சிதைப்பதும், சிறு அறிவிப்பை நீட்டிப் பெருக்குவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

முடிவுரை

இணையதள எழுத்துநெறியில் ஏற்கத்தக்கது, வாசகரின் தேவையை எழுதுபவரின் பெருமைக்கு முன்வைப்பதும் மிகைச்சொல்லை விலக்குவதும் ஆகும். எல்லை வகுத்துக்கொள்ளத்தக்கது, பட்டியலாகப் பிரிக்கும் முறை. திருத்திக்கொள்ள வேண்டியது, ஆங்கில வாக்கியத்தின் அமைப்பை நம்பிய விதிகள்.

எழுதும் முறையைப் பற்றிய மிகப் பழைய கட்டளைகளுள் ஒன்று ஆபகூக் இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. தரிசனத்தைப் பலகைகளில் தெளிவாக எழுதுமாறு இறைவாக்கினர் பணிக்கப்படுகிறார். அக்கட்டளையின் இறுதிப் பகுதியைப் பற்றி விளக்கவுரையாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஓடுபவரும் படித்துவிடும் அளவிற்கு எழுத்து தெளிவாயிருக்க வேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. படித்தவர் செய்தியைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும் என்பது மற்றொரு சாரார் கருத்து. எபிரேய மூலத்தில் 'ஓடும்படி' என்னும் வினைக்கு எழுவாயாய் நிற்பவர் 'படிப்பவரே'. அங்கே 'தெளிவாக்கு' என்று பொருள்படும் வினைச்சொல், உபாகமம் இருபத்தேழாம் அதிகாரத்தில் கற்களின்மேல் நன்கு விளங்கும்படி எழுதுவதற்கும், முதலாம் அதிகாரத்தில் மோசே நியாயப்பிரமாணத்தை விளக்கிக் கூறுவதற்கும் வழங்குகிறது. கண்ணுக்குப் புலப்படும் எழுத்தும், கருத்துக்குப் புலப்படும் விளக்கமும் அவ்வொரு சொல்லில் இணைந்துள்ளன.

இணையதள எழுத்துநெறி இவற்றுள் முன்னதை நமக்கு நன்கு கற்பிக்கிறது. பின்னதை நாம்தான் அதனுடன் சேர்க்க வேண்டும். வாசகர் நம் பக்கத்தைக் கடந்து ஓடிவிடுவதற்காக எழுதுபவர்களல்லர் நாம். வேண்டியதை விரைவில் கண்டு, அதன் காரணத்தையும் விளங்கிக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்ய அவர் எழுந்து ஓடும்படி எழுதுவதே நம் கடமை ஆகும்.